நெருப்புக்கும் நீருக்கும் நடுவே: ரயில் உழைப்பில் நம்மவர் நினைவுகள்



இந்த நினைவுச் சொற்பொழிவு மேடையில் தலைவர்களைப் பற்றிப் பேசியிருக்கிறோம். எழுத்தாளர்களைப் பற்றியும் இதழ்களைப் பற்றியும் பேசியிருக்கிறோம். இந்த ஆண்டு நீராவி இன்ஜினில் கரி அள்ளிப் போட்ட ஒரு தொழிலாளியின் நினைவுகளிலிருந்து தொடங்குகிறோம். அவர் 1957இல் ரயில்வேயில் கிளீனராகச் சேர்ந்து 1995இல் ஓய்வுபெற்றார். எங்களுக்குப் பெரியப்பா முறை. ரயில்வே காலனியில் வளர்ந்த எங்களில் சிலர், அவருடைய கடைசி ஆண்டுகளில் அவரோடு திண்ணையில் உட்கார்ந்து, சொன்னதையெல்லாம் நோட்டில் எழுதி வைத்தோம். "பேரை மட்டும் போட்டுடாதீங்கப்பா, பென்ஷன் வாங்குறவன்" என்றார். அவர் இறந்த பிறகும் அந்தப் பேச்சைக் காப்பாற்றுகிறோம். அவர் வேலை பார்த்த ஷெட்டின் பெயரையும் சொல்லவில்லை.

ஒரு மனிதரின் நினைவை வரலாறு என்று சொல்லலாமா என்று கேட்பீர்கள். ரயில்வேக்கு எழுதப்பட்ட வரலாறு நிறைய உண்டு. கம்பெனிகளின் வரலாறு, பாலங்களின் வரலாறு, இன்ஜின்களின் வரலாறு எல்லாம் உண்டு. தொழிற்சங்கங்களும் தங்கள் வரலாற்றை எழுதியிருக்கின்றன. இவற்றில் பெரும்பாலும் இல்லாத ஒன்று பெரியப்பாவின் நினைவில் இருந்தது. யார் கையிலிருந்து யார் தண்ணீர் வாங்கிக் குடித்தார்கள் என்பதுதான் அது.

மண் வெட்டியவர்கள்

தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1856 ஜூலை 1ஆம் தேதி ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை ஓடியது. அடுத்த சில ஆண்டுகளில் நாகப்பட்டினத்திலிருந்து திருச்சிக்குப் பாதை வந்தது. 1874இல் தென்னிந்திய ரயில்வே கம்பெனி உருவானது. இந்தத் தேதிகளைப் பாடப்புத்தகத்தில் படித்திருப்பீர்கள். கரை போடுவதற்கு மண் சுமந்தவர்கள் யார், ஜல்லி உடைத்தவர்கள் யார் என்று பாடப்புத்தகம் சொல்வதில்லை. ஒட்டர்களும் நிலமில்லாத ஒடுக்கப்பட்ட சாதி மக்களும் குடும்பம் குடும்பமாக அந்த வேலையைச் செய்தார்கள்.

அதே சமயம் அந்த வேலையில் நம்மவருக்கு ஒரு புது வழியும் திறந்தது. கிராமத்தில் கூலி என்பது களத்துமேட்டில் ஆண்டை அளந்து போடும் நெல். அதையும் கை நீட்டி, தள்ளி நின்றுதான் வாங்க வேண்டும். ரயில்வேயில் கூலி காசாக வந்தது. காசு கையில் இருந்தால் ஆண்டையை விட்டுப் போகலாம். பிற்காலத்தில் காலனிக் குவார்ட்டர்ஸ் கிடைத்தவர்களுக்கு வீட்டு எண் முகவரியாக இருந்தது. சேரியின் பெயரைச் சொல்ல வேண்டியதில்லை. நம் குடும்பங்களில் முதல் தலைமுறைப் படிப்பு பல இடங்களில் ரயில்வே சம்பளத்தில்தான் தொடங்கியது. இதை மறந்துவிட்டு நாம் பேசக்கூடாது.

ரயில் பெட்டியும் டிக்கெட் வாங்கியவரிடம் சாதி கேட்கவில்லை. ஸ்டேஷன் கேட்டது. பிளாட்பாரத்தில் தண்ணீர் ஊற்றுவதற்கு மேல்சாதி ஆட்களைத் தேடி வேலைக்கு வைத்தார்கள், மற்றவர் தொட்ட தண்ணீரைக் குடிக்க மாட்டார்கள் என்பதால். சிற்றுண்டிச் சாலைகளில் பிராமணருக்குத் தனி இடம் இருந்தது. சுயமரியாதை இயக்கம் தொடர்ந்து எதிர்த்த பிறகு, 1940களின் தொடக்கத்தில்தான் அந்தப் பாகுபாடு நீங்கியது. பெட்டிக்குள் ஒரே பலகையில் உட்கார்ந்து வந்தவர்கள், இறங்கியதும் வேறு வேறு தண்ணீர் குடித்தார்கள்.

மன்மாடில் கேட்கப்பட்ட கேள்வி

ரயில்வே உழைப்பில் சாதி எப்படி இயங்குகிறது என்பதை வெளிப்படையாக எடுத்து வைத்தவர் பாபாசாகேப் அம்பேத்கர். 1938 பிப்ரவரியில் நாசிக் மாவட்டத்தின் மன்மாடில், ஜி.ஐ.பி. ரயில்வேயின் ஒடுக்கப்பட்ட வகுப்புத் தொழிலாளர்கள் மாநாடு கூட்டினார்கள். தொழிலாளிக்குப் பார்ப்பனியம், முதலாளித்துவம் என்று இரண்டு எதிரிகள் உண்டு என அவர் சொன்னது அந்த மாநாட்டில்தான். அந்த வரியை நாம் சுவரொட்டிகளில் போடுகிறோம். அதே உரையில் அவர் எடுத்துக்காட்டிய வேலை விவரங்களை அவ்வளவாகப் பேசுவதில்லை.

ரயில்வேயில் இருக்கும் தீண்டப்படாதவர்கள் பெரும்பாலும் கேங்மேன்களாகவே இருக்கிறார்கள், கேங்மேனாகச் சேர்ந்தவர் கேங்மேனாகவே ஓய்வுபெறுகிறார் என்று அவர் சொன்னார். போர்ட்டர் வேலைகூட ஏன் கிடைப்பதில்லை? போர்ட்டரை ஸ்டேஷன் மாஸ்டர் தன் வீட்டு வேலைக்கும் வைத்துக்கொள்கிறார். வீட்டுக்குள் விட முடியாத ஆளைப் போர்ட்டராக எடுக்க அவருக்கு மனம் வராது. அரசாங்க வேலைக்கான தகுதியை ஒரு வீட்டின் அடுக்களை தீர்மானித்தது. பட்டறைகளிலும் நம்மவரைக் கூலிகளாக வைத்துக்கொண்டு, மெக்கானிக் ஆக விடவில்லை.

கேங்மேன் வேலை என்னவென்று தெரியாத மாணவர்களுக்காகச் சொல்கிறோம். ஒவ்வொரு கேங்குக்கும் சில கிலோமீட்டர் பாதை பொறுப்பு. ஸ்லீப்பருக்கு அடியில் ஜல்லியைக் குத்தி இறுக்க வேண்டும். கோடையில் தண்டவாளம் நீளும், மழையில் கரை அரிக்கும். இரண்டையும் கண்காணிக்க வேண்டும். கீமேன் சுத்தியலும் ஸ்பானரும் தூக்கிக்கொண்டு தினமும் தன் பகுதி முழுவதும் நடந்து, கழன்ற சாவிகளை அடித்து ஏற்றுவார். பாதையில் முறிவு கண்டால் சிவப்புக் கொடி நட்டு, வண்டி வரும் திசையில் ஓடி, தண்டவாளத்தின் மேல் பத்து மீட்டர் இடைவெளியில் மூன்று டெட்டனேட்டர்களைக் கட்ட வேண்டும். சக்கரம் ஏறியதும் அது வெடிக்கும், டிரைவர் நிறுத்துவார். வண்டியில் தூங்கிக்கொண்டிருக்கும் ஆயிரம் பேரின் உயிர் அந்த ஓட்டத்தில் இருந்தது. அந்த ஓட்டக்காரர்தான் ஸ்டேஷன் பானையில் தண்ணீர் மொண்டு குடிக்க முடியாதவர்.

ஷெட்டில் ஒரு நாள்

பெரியப்பா சேர்ந்தபோது மீட்டர் கேஜில் இரண்டு வகை இன்ஜின்கள் முதன்மையாக இருந்தன. பயணிகள் வண்டிக்கு ஒய்.பி., கூட்ஸ் வண்டிக்கு ஒய்.ஜி. இரண்டும் சுதந்திரத்துக்குப் பிறகு வந்தவை. ஒய்.பி.யில் ஒரு பக்கம் மூன்று பெரிய சக்கரங்கள், ஓட்டம் அதிகம். ஒய்.ஜி.யில் சற்றுச் சிறிய சக்கரங்கள் நான்கு, இழுவை அதிகம். பெரியப்பா இன்ஜினைப் பற்றிப் பேசும்போது மாட்டைப் பற்றிப் பேசுவதுபோல இருக்கும். "ஒய்.பி. ஓடுற மாடு, ஒய்.ஜி. உழுவுற மாடு" என்பார்.

ஷெட்டுக்குள் ஏணிப்படிபோல வேலைகள் இருந்தன. அடியில் கலாசி, கிளீனர். பிறகு செகண்ட் ஃபயர்மேன், ஃபயர்மேன், ஷண்டர், கூட்ஸ் டிரைவர், பாசஞ்சர் டிரைவர், உச்சியில் மெயில் டிரைவர். வெள்ளைக்காரர் காலத்தில் உச்சிப்படிகள் ஐரோப்பியருக்கும் ஆங்கிலோ இந்தியருக்கும். அவர்கள் போன பிறகு மற்றச் சாதியார் ஏறினார்கள். கரி ஏற்றுவது, சாம்பல் குழியில் இறங்குவது, குழாய் சுத்தம் செய்வது, பாய்லர் கழுவுவது ஆகிய அடிப்படி வேலைகளில் எந்தச் சேரிக்காரர்கள் இருந்தார்களோ அவர்கள் பிள்ளைகளே தொடர்ந்தார்கள்.

ஷெட்டுக்குத் திரும்பும் இன்ஜினின் நெருப்பை முதலில் இறக்க வேண்டும். ஃபயர் பாக்ஸின் அடியில் கரி உருகிக் கட்டியாகி, கிட்டமாக ஒட்டிக்கொண்டிருக்கும். நீளக் கம்பியால் அதை உடைத்துக் குழிக்குள் தள்ள வேண்டும். சிவந்து கிடக்கும் சாம்பலின் மேல் தண்ணீர் ஊற்றினால் எழும் புகை தொண்டையைப் பிடிக்கும். ஆறிய சாம்பலைச் சலித்து, பாதி எரிந்த கரித்துண்டுகளைப் பெண்கள் பொறுக்கிக்கொண்டு போவார்கள். எங்கள் தெருவில் பல அடுப்புகள் அந்தக் கரியில்தான் எரிந்தன. பெரியம்மா பொறுக்கியிருக்கிறார். வாட்ச்மேன் விரட்டினால் கூடையைப் போட்டுவிட்டு ஓட வேண்டும். ரயில்வே வரலாற்றில் இவர்களுக்குச் சம்பளமும் இல்லை, பெயரும் இல்லை.

ஃபயர்மேன் வேலை என்றால் கரியை அள்ளி வீசுவது என்று நினைக்கிறோம். பெரியப்பா சிரிப்பார். பின் மூலைகள், இரு பக்கங்கள், கதவுக்கு அடிப்பக்கம் என்று இடம் பார்த்து, கொஞ்சம் கொஞ்சமாக, அடிக்கடி போட வேண்டும். கறுப்புப் புகை வந்தால் கரி வீணாகிறது. புகையே இல்லையென்றால் காற்று அதிகமாகி நெருப்பு குளிர்கிறது. மெல்லிய சாம்பல் நிறத்தில் வந்தால் சரி. அழுத்தமானி முள் 210 பவுண்டுக்கு அருகில் நிற்க வேண்டும். ஏற்றம் வருவதற்கு முன்பே நெருப்பைத் தயார் செய்ய வேண்டும்.

எல்லாவற்றையும்விட முக்கியம், பாய்லரில் தண்ணீர் மட்டம் காட்டும் கண்ணாடிக் குழாய். ஃபயர் பாக்ஸின் கூரை எப்போதும் தண்ணீருக்கு அடியில் இருக்க வேண்டும். மட்டம் இறங்கினால் கூரையில் வைத்திருக்கும் ஈயத் தக்கை உருகி, நீராவி நெருப்பின் மேல் கொட்டும். அப்படி ஆனால் சார்ஜ் ஷீட். அதற்கும் மீறினால் பாய்லர் வெடிக்கும். "நெருப்பைப் பாக்குறது ஒரு கண்ணு, தண்ணியைப் பாக்குறது ஒரு கண்ணு, சிக்னல் பாக்க மூணாவது கண்ணு வேணும்" என்பார். எழுதப் படிக்க அதிகம் தெரியாத ஒருவர் வெப்பத்தையும் அழுத்தத்தையும் காற்றோட்டத்தையும் புகையின் நிறத்தால் அளந்தார். இதை நம் அறிவு மரபின் ஒரு பகுதியாக நாம் எண்ண வேண்டும்.

டெண்டர் தண்ணீர்

வெளியூரில் டூட்டி முடிந்தால் ரன்னிங் ரூமில் தங்க வேண்டும். அரிசி, பருப்பைக் கொடுத்தால் சமையல்காரர் பொங்கிக் கொடுப்பார். பெரியப்பாவின் அரிசி கடைசியாக, தனிப் பாத்திரத்தில் வேகும். மற்றவர்கள் தூங்கி எழுந்து டூட்டிக்குக் கிளம்பும் நேரத்தில் அவருக்குச் சோறு வரும். புகார் கொடுத்தீர்களா என்று கேட்டோம். "எந்த ரூல்ல எழுதியிருக்குன்னு புகார் குடுக்குறது? கடைசில வேக வெச்சான்னு எழுதினா சிரிப்பானுங்க" என்றார்.

1966 கோடையில் நடந்த ஒன்றை அவர் பலமுறை சொல்லியிருக்கிறார். டெல்டாவில் ஒற்றைப் பாதை. ஒய்.ஜி. இன்ஜின், கூட்ஸ் வண்டி. டிரைவர் சாதி இந்து. வேலையில் கெட்டிக்காரர், பெரியப்பாவுக்கு நெருப்புப் பார்க்கச் சொல்லிக் கொடுத்தவர். ஒருநாளும் தகாத வார்த்தை பேசியதில்லை. அன்று வண்டி குலுங்கியதில் கொக்கியில் தொங்கிய டிரைவரின் பித்தளைக் கூஜா கீழே விழுந்து, தண்ணீர் முழுவதும் கொட்டிவிட்டது. சிறிது நேரத்தில் அவுட்டர் சிக்னலில் நிறுத்திவிட்டார்கள். இரண்டு மணி நேரம் சிக்னல் விழவில்லை. சுற்றிலும் வெடித்துக் கிடந்த வயல். முன்னால் ஃபயர் பாக்ஸ், மேலே வெயில்.

பெரியப்பாவிடம் ஒரு தகர கேன் நிறையத் தண்ணீர் இருந்தது.

"சார், எங்கிட்ட இருக்குங்க சார்."

"வேணாம்பா."

கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் கேட்டார். டிரைவர் பதில் சொல்லவில்லை. எழுந்து பின்னால் போய், டெண்டர் குழாயைத் திறந்து, இரு கைகளாலும் ஏந்திக் குடித்தார். அது பாய்லருக்கான தண்ணீர். உப்புப் படியாமலிருக்க ஷெட்டில் சோடா கலப்பார்கள். கரித்தூள் மிதக்கும். மனிதர் குடிக்கும் தண்ணீர் இல்லை.

"அவரு கெட்டவரா இருந்திருந்தா எனக்கு வலிச்சிருக்காது. இன்ஜின் குடிக்கிற தண்ணியைக் குடிச்சாரு. எந்தண்ணியைக் குடிக்கல" என்றார் பெரியப்பா. அன்று இரவு வீட்டுக்கு வந்ததும் அந்த கேனைத் தூக்கி எறிந்துவிட்டு, மறுநாள் போய் அவரே எடுத்து வந்திருக்கிறார். வேறு கேன் வாங்கக் காசில்லை.

ஏணியும் நீதிமன்றமும்

அம்பேத்கர் வைசிராய் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் உறுப்பினராக இருந்த காலத்தில், 1943இல், மத்திய அரசுப் பணிகளில் பட்டியல் சாதியினருக்கு எட்டே மூன்றில் ஒரு விழுக்காடு இடம் ஒதுக்கப்பட்டது. 1946இல் அது பன்னிரண்டரை விழுக்காடானது. இது வாசலைத் திறந்தது. ஏணியில் ஏறுவது வேறு கேள்வி.

1959இல் ரயில்வே போர்டு சில தேர்வுப் பதவிகளின் உயர்விலும் இட ஒதுக்கீட்டைக் கொண்டுவந்தது. அதை எதிர்த்துத் தென்னக ரயில்வேயிலிருந்தே வழக்கு வந்தது. அரசியல் சட்ட மாணவர்கள் படிக்கும் ரங்காச்சாரி வழக்கு அதுதான். சென்னை உயர் நீதிமன்றம் ஒதுக்கீட்டுக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. 1961இல் உச்ச நீதிமன்றம் மூன்றுக்கு இரண்டு என்ற பெரும்பான்மையில் அதை மாற்றி, பதவி உயர்விலும் ஒதுக்கீடு செல்லும் என்றது. 1980இல் ரயில்வே ஒதுக்கீட்டை எதிர்த்து வந்த இன்னொரு வழக்கையும் நீதிபதி கிருஷ்ணய்யர் இருந்த அமர்வு ஏற்கவில்லை. 1992இல் மண்டல் வழக்கின் தீர்ப்பு பதவி உயர்வு ஒதுக்கீட்டை மறுத்தது. 1995இல் 77ஆவது அரசியல் சட்டத் திருத்தம் அதை மீட்டது. பதவி உயர்வில் சமூக நீதி பற்றிய அரசியல் சட்டப் பேச்சு நம் ஊர் ரயில்வேயின் படிக்கட்டிலிருந்து தொடங்கியது என்பதை நினைவில் வையுங்கள்.

பெரியப்பாவுக்கு வழக்கின் பெயர் தெரியாது. "டெல்லி கோர்ட்டுல நம்ம பக்கம் தீர்ப்பாயிடுச்சாம்" என்று சாம்பல் குழியில் நின்றவர்கள் பேசிக்கொண்டது மட்டும் நினைவிருந்தது. அவர் எழுபதுகளின் கடைசியில் ஷண்டராகி, பிறகு கூட்ஸ் டிரைவரானார். டிரைவர் சீட்டில் அதிக நாள் உட்காரவில்லை. இன்ஜின் ஓட்டுபவருக்கு ஏ-ஒன் தரத்தில் பார்வை வேண்டும். இருபது ஆண்டு நெருப்பைப் பார்த்த கண்கள் பரிசோதனையில் தேறவில்லை. அவரை இறக்கி ஷெட்டின் ஸ்டோரில் போட்டார்கள். கரி அள்ளும் காலம் நீண்டுபோனவர்களுக்கு, மேல்படி வரும்போது உடம்பு இருப்பதில்லை. இதை எந்தப் புள்ளிவிவரமும் பாகுபாடு என்று எழுதாது.

வேலைநிறுத்தத்தின் இருபது நாட்கள்

தென்னிந்திய ரயில்வேத் தொழிலாளர்களின் போராட்ட மரபு பெரியது. 1928 ஜூலையில் ஆட்குறைப்பை எதிர்த்து நடந்த வேலைநிறுத்தத்துக்காகச் சிங்காரவேலர் சிறை சென்றார். 1946 செப்டம்பர் 5ஆம் தேதி பொன்மலையில் மலபார் சிறப்புப் போலீஸ் சுட்டதில் ஐந்து தொழிலாளர்கள் இறந்தார்கள். 1973இல் லோகோ ஊழியர்கள் பத்து மணி நேர டூட்டி வரம்பு கேட்டுப் போராடினார்கள். அதற்கு முன் டூட்டி எப்போது முடியும் என்று யாருக்கும் தெரியாது. 1974 மே 8ஆம் தேதி நாடு முழுவதும் ரயில்கள் நின்றன. பதினேழு லட்சம் தொழிலாளர்கள் பணியாற்றிய துறையில் இருபது நாள் நீடித்த வேலைநிறுத்தம். பல்லாயிரம் பேரைக் கைது செய்தார்கள். காலனிகளில் போலீஸ் புகுந்தது. குவார்ட்டர்ஸிலிருந்து குடும்பங்களை வெளியேற்றினார்கள்.

அந்த நாட்களில் ஓரிரவு, டெண்டர் தண்ணீர் குடித்த அதே டிரைவர் எங்கள் தெருவுக்கு வந்தார். ரயில்வேக்காரர் வீடுகளில் தேடிய போலீஸ், மேல்சாதி டிரைவரைச் சேரியில் தேடவில்லை. பதினோரு நாள் பெரியப்பா வீட்டில் ஒளிந்திருந்தார். முதல் நாள் பெரியம்மா சொம்பில் தண்ணீர் கொண்டுபோய்க் கீழே வைத்துவிட்டு நகர்ந்திருக்கிறார். டிரைவர் சொம்பை எடுத்துக் குடித்துவிட்டு, "இன்னும் கொஞ்சம் குடும்மா" என்று கேட்டாராம். கஞ்சியும் குடித்தார். பெரியம்மா இதைச் சொல்லும்போது பெரியப்பா குறுக்கே பேச மாட்டார்.

மே 27இல் வேலைநிறுத்தம் விலக்கிக்கொள்ளப்பட்டது. வேலை நீக்கப்பட்டவர்கள் பலர் 1977இல் ஆட்சி மாறிய பிறகே திரும்ப முடிந்தது. கேட்ட போனஸ் 1979இல்தான் வந்தது. டிரைவர் டூட்டிக்குத் திரும்பியபோது பெரியப்பாவின் கேனிலிருந்து கேட்டு வாங்கிக் குடித்தார்.

தொழிற்சங்க மேடைகளில் சொல்வதென்றால் கதையை இந்த இடத்தில் முடித்துவிடலாம். பெரியப்பா முடிக்கவில்லை. இரண்டு ஆண்டு கழித்து அந்த டிரைவர் வீட்டுக் கல்யாணம். பத்திரிகை வைத்து அழைத்தார். பெரியப்பாவும் பெரியம்மாவும் போனார்கள். உட்காரப் போனபோது, யாரோ வந்து கையைப் பிடித்து, "கொஞ்சம் இருங்க, கடைசிப் பந்தியில பாத்துக்கலாம்" என்றார். டிரைவர் அங்கேதான் நின்றுகொண்டிருந்தார். வேறு பக்கம் பார்த்தார். ரன்னிங் ரூமில் கடைசியாக வெந்த அரிசியைப் போல, இங்கேயும் கடைசி. "ஸ்ட்ரைக்குல வந்தது இன்ஜின் வரைக்கும் வந்துச்சு, வீட்டுக்குள்ள வரல" என்று பெரியப்பா சொன்னார்.

இதை வைத்து வேலைநிறுத்தம் வீண் என்று நாம் சொல்லவில்லை. எட்டு ஆண்டு ஒரே இன்ஜினில் வெந்தும் மாறாதது, ஒன்றாகப் போராடிய இருபது நாளில் மாறியது. அது வர்க்க ஒற்றுமையின் பலம். அந்த மாற்றம் கல்யாணப் பந்தல் வாசலில் நின்றுவிட்டது. ஒற்றுமை தானாகவே சாதியைக் கரைத்துவிடும் என்று நம்பிக் காத்திருந்தவர்கள் எங்கே தவறினார்கள் என்பதை அந்தப் பந்தல் காட்டுகிறது. மன்மாடில் இரண்டு எதிரிகள் என்று சொல்லப்பட்டதன் பொருள் இதுதான். ஒன்றை எதிர்த்துப் போராடினால் மற்றது தானாக விழாது.

மிச்சம் இருப்பவை

நீராவி இன்ஜின்கள் 1990களில் நம் பாதைகளிலிருந்து விலகின. அவற்றின் இடத்தை ஒய்.டி.எம். 4 டீசல் இன்ஜின்களும், பிறகு அகலப்பாதை மின்சார இன்ஜின்களும் பிடித்தன. இன்று அருங்காட்சியகங்களிலும் ஸ்டேஷன் வாசல்களிலும் பழைய இன்ஜின்கள் வர்ணம் பூசி நிற்கின்றன. பலகையில் கட்டிய ஆண்டும் கட்டிய தொழிற்சாலையும் இருக்கும். குழந்தைகள் ஏறிப் படம் எடுத்துக்கொள்கிறார்கள். சாம்பல் குழி அங்கே இல்லை.

நெருப்பு போனாலும் மலம் போகவில்லை. பெட்டிக் கழிவறைகள் பாதையின் மேலேயே திறந்திருந்த காலம் முழுவதும், கேங்மேன்கள் அந்த ஜல்லியில்தான் கை வைத்தார்கள். ஸ்டேஷன் பாதைகளை நம் பெண்கள் பெருக்கினார்கள். கையால் மலமள்ளுவதைத் தடை செய்யும் 2013ஆம் ஆண்டுச் சட்டம் ரயில் பாதையையும் பெயர் சொல்லிச் சேர்த்தது. கூடவே, பாதுகாப்புக் கருவிகளோடு செய்தால் அது மலமள்ளுதல் ஆகாது என்று ஒரு விலக்கையும் வைத்தது. பெட்டிகளில் பயோ டாய்லெட் வந்திருக்கிறது. சுத்தம் செய்யும் வேலை ஒப்பந்தக்காரர்களிடம் போயிருக்கிறது. பெரியப்பாவுக்கு இருந்த பென்ஷனும் குவார்ட்டர்ஸும் அந்தத் தொழிலாளிக்கு இல்லை. பெரும்பாலும் அதே சேரிதான் இருக்கிறது.

மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோளோடு முடிக்கிறோம். உங்கள் ஊர்களில் ஓய்வுபெற்ற ஃபயர்மேன்கள், கேங்மேன்கள், பாயிண்ட்ஸ்மேன்கள் இன்னும் சிலர் இருக்கிறார்கள். அவர்களிடம் போய் உட்காருங்கள். சர்வீஸ் புத்தகம், பழைய பாஸ், சங்க ரசீது, சார்ஜ் ஷீட், வேலை நீக்கக் கடிதம் எதையும் தூக்கிப் போடாமல் நகல் எடுத்து வையுங்கள். கரி பொறுக்கிய பெண்களையும் கேளுங்கள். அவர்களிடம் காகிதம் எதுவும் இருக்காது. இன்ஜினைப் பற்றிக் கேட்டால் எல்லாரும் உற்சாகமாகப் பேசுவார்கள், கேட்டுக்கொள்ளுங்கள். பேச்சு முடியும் நேரத்தில், டூட்டியில் தண்ணீர் எங்கே குடித்தீர்கள் என்று கேளுங்கள். எங்கள் பெரியப்பா அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல மூன்று நாள் எடுத்துக்கொண்டார். நாங்கள் மூன்று நாளும் போனோம்.